உணவும் உளநலமும்: அடம்பன் வயற்கரையிலிருந்து ஒரு மீளாய்வு

ஞாயிறு மலர்களைப் புரட்டினால் “மனச்சோர்வை விரட்டும் பத்து உணவுகள்” என்று ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு பட்டியல் கிடக்கும். அவகாடோ இருக்கும், அக்ரூட் இருக்கும், சால்மன் மீன் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடம்பன் சந்திக் கடைக்குப் போனால் பாதிப் பொருள் கிடைக்காது. அது சின்னக் குறை. பெரிய குறை வேறு. நாளைக்கும் சாப்பாடு உண்டு என்பது நிச்சயமானவர்களுக்காக எழுதப்பட்ட பட்டியல் அது.

உணவும் வாழ்க்கை முறையும் மனதை எவ்வளவு தூரம் தாங்கும்? கருவில் இருக்கும்போது எவ்வளவு, தள்ளாத வயதில் எவ்வளவு? ஆய்வுகள் எங்கே உறுதியாக நிற்கின்றன, எங்கே தடுமாறுகின்றன? மாந்தை மேற்குப் பிரதேசத்து அடம்பனை முன்னால் வைத்து இவற்றைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பசியும் இழப்பும் ஒரே வீட்டு வாசலுக்கு வந்த ஊர் இது.

அருவியாற்றுத் தண்ணீரைத் தேக்கம் அணை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புகிறது. அந்தக் குளத்தை நம்பித்தான் மன்னார்ப் பெருநிலத்தின் நெல் வயல்கள் காலபோகத்தில் பச்சை பிடிக்கின்றன. இந்தப் பகுதிக்கு மாவட்டத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர். அதே பெயராலேயே 2008இல் போர்ச் செய்திகளிலும் அடிபட்டது. அந்த ஆண்டு மே மாதம் அடம்பன் இராணுவத்தின் கையில் வீழ்ந்தது. சனங்கள் வன்னிக்குள் நகர்ந்து, இடம் மாறி மாறி, 2009இல் முல்லைத்தீவுக் கடற்கரை வரை போய், செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வந்து விழுந்தார்கள். அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். விதைநெல்லை விட்டுவிட்டு ஓடியவர்கள் நிவாரண மாவுக்கும் பருப்புக்கும் வரிசையில் நின்ற காலம் அது. இன்று முப்பது தாண்டிய எவருக்கும் அந்த வரிசை நினைவிருக்கும்.

போர் முடிந்த கையோடு, 2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை, யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பதகளிப்பு அறிகுறிகள் 32.6 சதவீதம், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 சதவீதம், மனவடுவுக்குப் பிந்திய நெருக்கீட்டு அறிகுறிகள் 7 சதவீதம் என்று கணக்குச் சொன்னது. இந்த இலக்கங்களைப் பலரும் எடுத்துக் காட்டுகிறார்கள். ஆனால் நம் கேள்விக்கு நெருங்கியது இன்னொரு ஆய்வு. 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் இருபது ஆண்டுகள் கழிந்த பின் எப்படி இருக்கிறார்கள் என்று 450 பேரிடம் கேட்டறிந்து 2013இல் வெளியானது அது. அடம்பனுக்குப் பக்கத்து விடத்தல்தீவிலிருந்தும் எருக்கலம்பிட்டியிலிருந்தும் போனவர்களும் அந்த மக்களில் அடக்கம். பொதுவான உளப் பாதிப்பு 18.8 சதவீதம் பேரிடம் இருந்தது. துணையை இழந்தோரிடமும் பிரிந்தோரிடமும் அதன் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. வேலையற்றோரிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உணவு நிச்சயமில்லாத வீடுகளில் 1.7 மடங்கு.

இந்தக் கடைசி இலக்கம்தான் என் வாதத்தின் அச்சாணி. எந்தச் சத்து மூளையில் என்ன செய்கிறது என்ற கேள்வி அதில் இல்லை. அடுத்த வேளைக்கு உலை வைக்க முடியுமா என்ற ஐயமே மனதை அரிக்கிறது என்கிறது அது. உணவும் உளநலமும் என்ற தலைப்பில் முதல் பாடமாக இதை வைக்காத எந்தக் கையேடும் எங்கள் பக்கத்துக்கு உதவாது.

அதைப் புதிதாக நிரூபித்துக் காட்டியது 2022. முந்திய ஆண்டு இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் தடை வந்ததில் காலபோக விளைச்சல் விழுந்தது. பிறகு டொலர் இல்லை, எரிபொருள் இல்லை. ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் பாய்ந்தபோது மன்னார்க் கரையோரத்துச் சிறு படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. செப்ரெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்துக்கு மேல் நின்றது. நாட்டில் பத்து வீடுகளில் மூன்றில் உணவு நிச்சயமில்லை என்று உலக உணவுத் திட்டம் அறிவித்தது. அந்த மாதங்களின் மதியச் சாப்பாட்டுக் கோப்பையைக் கிட்டப் பார்த்தால் கதை விளங்கும். நடுவில் சோறு நிறைய. ஓரத்தில் தண்ணீராய் ஓடுகிற பருப்பு. கொஞ்சம் சம்பல். முதலில் மறைந்தது மீன், அடுத்தது முட்டை, பிறகு பால்மா. பிள்ளைகளுக்குப் போட்டபின் “நான் பிறகு சாப்பிடுறன்” என்று சட்டியை மூடிவிடுகிற ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர்தான். அவர் தாய். மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். அந்த மூடிய சட்டியையும் அதில் சேர்க்க வேண்டும்.

இனி வயது வாரியாகப் போவோம். எல்லா வயதுக்கும் சான்று ஒரே கனத்தில் இல்லை. கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் அது மிக அழுத்தமானது.

1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்கு உணவுப் போக்குவரத்தை மறித்தது. அந்தப் பஞ்சத்தின் உச்சத்தில் கருத்தரிக்கப்பட்ட பிள்ளைகள் வளர்ந்தபின் அவர்களிடையே மனச்சிதைவு நோய் ஏறத்தாழ இரட்டிப்பாகக் காணப்பட்டது. 1959–61 சீனப் பஞ்சத்திலும் அதே கணக்கு வந்தது. தாயின் பட்டினி பிள்ளையின் மனதில் இருபது முப்பது ஆண்டு கழித்து எழுந்து நிற்கிறது. 2008–09இல் வன்னியில் கருவிலிருந்த பிள்ளைகள் இப்போது பதின்ம வயதில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்படித்தான் ஆகும் என்று சோதிடம் சொல்ல ஆய்வு இடம் தரவில்லை. கவனிக்க வேண்டிய பிள்ளைகள் என்று மட்டும் சொல்கிறது. கவனிக்கிறோமா?

அயடின் விடயத்தில் நாடு உருப்படியாக ஒன்றைச் செய்தது. 1995இலிருந்து உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமானது. தடுக்கக்கூடிய மூளை வளர்ச்சிக் குறைபாடுகளில் முன்னணியில் நிற்பது அயடின் குறைவு. ஒரு பக்கெற் உப்பில் அது தீர்கிறது. மன்னாரில் உப்பளமே உண்டு, கடலும் உண்டு. ஆனாலும் பக்கெற்றில் அயடின் முத்திரையைப் பார்த்து வாங்குவதும், உப்பை அடுப்புக்குப் பக்கத்தில் திறந்து வைக்காமலிருப்பதும் வீட்டு வேலைதான். இரும்புச்சத்து இன்னும் சிக்கல். குருதிச்சோகையுள்ள தாய் களைத்துப் போகிறாள். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வுக்கும் அதற்கும் தொடர்பு காண்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைந்த கைக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில், பள்ளிப் பருவத்திலும் கவனமும் மனநிலையும் பின்தங்கியிருந்தன. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதிப் பயன் போய்விடும். தேயிலையிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேசிக்காய்த் தண்ணியோடு விழுங்கினால் உடம்பில் நன்றாகச் சேரும். எங்கள் ஊரில் தேத்தண்ணி குடிக்காத மணித்தியாலம் எது என்று கேட்காதீர்கள்.

1973இலிருந்து திரிபோஷா இருக்கிறது. சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த நல்ல மா. கர்ப்பவதிக்கென்று கொடுத்த பக்கெற் வீட்டில் எல்லோருக்கும் உருண்டையாகிவிடுவது ஊரறிந்த இரகசியம். அதைக் குற்றமாகப் பார்க்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் தின்னும் தாய் எந்த ஊரில் இருக்கிறாள்? பக்கெற்றைக் கூட்டிக் கொடுப்பதுதான் வழி. 2022இல் சோளத் தட்டுப்பாட்டால் அந்த விநியோகமே தடுமாறியது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 15.1 சதவீதம் பேர் உயரத்துக்கேற்ற நிறையில்லாதவர்கள். அது நெருக்கடிக்கு முந்திய நிலவரம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் கறி வைப்பது எங்கள் வழக்கம். சின்ன மீன், உள்ளி, மிளகு, சரக்கு. பெண்பிள்ளை பெரியவளானால் உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும். சரக்குக்கு என்னென்ன மருத்துவக் குணம் என்று அளந்து பார்த்தவர் குறைவு. ஆனால் புரதமும் கொழுப்பும் ஒமேகா-3யும் சரியாகத் தேவைப்படும் வேளையில் அந்தத் தட்டில் வந்து சேர்கின்றன. அதைவிடப் பெரிது, சில கிழமைகளாவது வீட்டில் எல்லோரும் அவளைச் சுற்றி நிற்கிறார்கள். யார் சமைக்கிறார், யார் பிள்ளையைத் தூக்குகிறார் என்பதும் மருந்துதான். பாக்கிஸ்தானின் கிராமங்களில் சாதாரண சுகாதாரப் பெண் ஊழியர்களைப் பயிற்றி, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடுகளுக்கு அனுப்பிப் பேசவைத்தார்கள். 2008இல் முடிவு வந்தது. ஆறு மாதத்தில் மனச்சோர்வு நீடித்தவர்கள் அந்தக் குழுவில் 23 சதவீதம், மற்றக் குழுவில் 53 சதவீதம். மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது நேரம்.

பாடசாலை வயதைச் சுருக்கமாகச் சொல்லலாம். வன்னியில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வொன்றில் நால்வரில் ஒருவருக்கு மனவடுப் பாதிப்பு இருந்தது. அவர்களின் ஞாபகமும் படிப்பும் அதனால் குன்றியிருந்தன. போர் முடியுமுன்னரே எடுத்த கணக்கு அது. இன்றைய பிள்ளைக்கு வேறு தொல்லைகள். காலையில் வெறும் தேத்தண்ணி, இடைவேளைக்கு ஒரு பிஸ்கட் பக்கெற், இரவு பதினொரு மணி வரை போன். பாடசாலை மதிய உணவு ஒழுங்காக வந்தால் முதலிரண்டுக்கும் பரிகாரமாகும். அதில் சோறும் ஒரு கீரையும் ஒரு முட்டையும் இருந்தால் போதும், வேறு ஆடம்பரம் வேண்டாம். மூன்றாவதற்குப் பெற்றோர் தங்கள் போனை முதலில் வைக்க வேண்டும்.

வளர்ந்தவர்களிடம் வரும்போது சான்று குழம்பத் தொடங்குகிறது. அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் ஃபெலீஸ் ஜாக்காவின் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. மனச்சோர்வுள்ள 67 பேர். ஒரு பாதிக்குப் பன்னிரண்டு கிழமை மத்தியதரைக்கடல் பாணி உணவு பற்றிய ஆலோசனை. மறு பாதிக்கு அதே அளவு நேரம் நட்புப் பேச்சு. முடிவில் உணவுக் குழுவில் 32 சதவீதம் பேர் தேறினார்கள், பேச்சுக் குழுவில் 8 சதவீதம். உணவுச் செலவும் கூடவில்லை. உற்சாகமான முடிவுதான். ஆனால் எண்ணிக்கை சின்னது, பங்கேற்றவர்களுக்குத் தாங்கள் எந்தக் குழு என்பது தெரியும், எல்லோரும் முன்பு மோசமாகச் சாப்பிட்டவர்கள்.

குளிசைகளின் கதையோ கவலைக்கிடம். ஐரோப்பாவில் 1,025 பேருக்கு ஒமேகா-3, போலிக் அமிலம், விற்றமின் டி, செலீனியம் எல்லாம் சேர்த்து ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் வந்த முடிவின்படி மனச்சோர்வைத் தடுப்பதில் வெற்றுக் குளிசையை அவை விஞ்சவில்லை. அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு விற்றமின் டி கொடுத்ததும் அப்படியே முடிந்தது. குறைபாடு உள்ளவருக்குச் சத்துக் குளிசை மருந்து, இல்லாதவருக்கு வீண் செலவு. வெளிநாட்டிலிருந்து வரும் பார்சல்களில் மீனெண்ணெய்ப் போத்தல் வருகிறது. கடற்கரை மாவட்டத்துக்கு மீனெண்ணெய்! மன்னார்க் கடலின் நண்டும் இறாலும் பெரிய மீனும் ஐஸ் பெட்டியில் கொழும்புக்கும் அப்பாலும் போகட்டும். சூடையும் சாளையும் நெத்தலியும் இங்கேயே நிற்கின்றன. ஒமேகா-3 கணக்கில் விலை கூடிய இறாலைவிட விலை குறைந்த சூடைதான் மேல். அதோடு நாட்டரிசிச் சோறு, பயறு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், குரக்கன் புட்டு. மத்தியதரைக்கடல் தட்டின் கட்டமைப்பு இதுதான், எண்ணெய் மட்டும் வேறு. நாட்டரிசியைத் தீட்டித் தீட்டி வெள்ளையாக்கியதும், மூன்று நேரமும் சீனி குவித்த தேத்தண்ணியும், பாணும் பணிசும்தான் இடையில் புகுந்தவை.

உடற்பயிற்சி விடயத்தில் சான்று உணவைவிடக் கெட்டியானது. நோர்வேயில் 33,908 பேரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, எல்லோரும் கிழமைக்கு ஒரு மணித்தியாலமாவது உடற்பயிற்சி செய்திருந்தால் புதிதாக வந்த மனச்சோர்வில் நூற்றுக்குப் பன்னிரண்டு தவிர்ந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். 2024இல் 218 பரிசோதனைகளைத் திரட்டிய தொகுப்பாய்வு நடையும் ஓட்டமும் யோகாவும் பாரம் தூக்குதலும் மனச்சோர்வை நன்றாகக் குறைப்பதாகச் சொன்னது. “வயலில மாடாய் உழைக்கிறம், பிறகென்ன பயிற்சி?” என்று அடம்பன் கமக்காரர் கேட்பார். நியாயமான கேள்வி. அதற்கும் ஆய்வு உண்டு. விரும்பிச் செய்யும் அசைவு மனதுக்கு நல்லது, பிழைப்புக்காக முறியும் அசைவு அதே நன்மையைத் தருவதில்லை. கடனுக்கு வாங்கிய உரத்தை வயலில் வீசும் கையும் மாலையில் உதைபந்தாட்ட மைதானத்தில் ஓடும் காலும் ஒரே கலோரியை எரிக்கலாம், மனதில் விளைவது வேறு. மன்னார் இளைஞர்களுக்கு உதைபந்தாட்டம் இருக்கிறது. அவர்களின் தாய்மாருக்கு என்ன இருக்கிறது? பின்னேரம் நாலு பெண்கள் சேர்ந்து குளக்கட்டில் நடந்தால் “வேலை இல்லையோ” என்று கேட்கிற வாய்களை மூடுவதே இங்கு முதல் உடற்பயிற்சித் திட்டம்.

வாழ்க்கை முறை என்றால் குடியையும் பேசியாக வேண்டும். கசிப்பு நித்திரையைத் தருவதுபோல் காட்டி நித்திரையையே கெடுக்கும். கனவுக்குப் பயந்து குடிக்கிறவருக்கு நாலு மணிக்கு விழிப்பு வரும், பதகளிப்பு இரட்டிப்பாகும். பூச்சிநாசினியையும் சொல்ல வேண்டும். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 என்று உலகின் மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக நின்றது. மிக நச்சான பூச்சிநாசினிகளை அடுத்தடுத்துத் தடை செய்த பின் அது 70 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இருபது ஆண்டில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் தப்பியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். எந்த அறிவுரையும் இந்த அளவுக்கு உயிர் காத்ததில்லை. ஒருவர் எப்படி வாழ்கிறார் என்பது அவர் விருப்பம் மட்டுமல்ல, அவர் கைக்கெட்டும் தூரத்தில் அரசும் சந்தையும் எதை வைக்கின்றன என்பதும்தான்.

முதுமையில் சான்று மீண்டும் சற்று வலுக்கிறது, சறுக்கல்களோடு. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்த அழுத்தக் கண்காணிப்பு நான்கையும் சேர்த்து இரண்டாண்டு கொடுத்தபோது அறிவாற்றல் மேம்பட்டது. ஆனால் மூளைக்கென்றே வகுத்த உணவுத் திட்டமொன்றை மட்டும் தனியாக 604 பேரிடம் மூன்றாண்டு சோதித்தபோது, 2023இல் வந்த முடிவில் மற்றக் குழுவோடு வித்தியாசம் இல்லை. தட்டு தனியாக நிற்காது என்பதே இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது. லான்செற் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட பதினான்கு காரணிகளில் நீரிழிவு, இரத்த அழுத்தம், காது கேளாமை, தனிமை எல்லாம் வருகின்றன. அவற்றைச் சரிசெய்தால் முதுமை மறதியில் 45 சதவீதம் வரை தள்ளிப்போடலாம் அல்லது தடுக்கலாமாம்.

கிளினிக் கொப்பியும் கையுமாக விடியவே வைத்தியசாலை வாங்கில் இருக்கும் முதியவர்களைப் பாருங்கள். பாதிப்பேரின் கொப்பியில் மெற்போமின் எழுதியிருக்கும். நீரிழிவுக்கு நல்ல மருந்து. ஆண்டுக்கணக்கில் எடுத்தால் விற்றமின் பி12ஐக் குறைக்கக்கூடும். பி12 குறைந்தால் மறதி, சோர்வு, கால் விறைப்பு. “வயசு போட்டுது” என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். விரதம் பிடித்து மீன் முட்டை விட்டவருக்கு ஆபத்து இன்னும் கூட. இது சோதித்துத் திருத்தக்கூடிய மறதி. பிள்ளைகள் கனடாவிலும் பாரிசிலும் இருக்க, ஒருவருக்காக உலை வைப்பானேன் என்று பாணும் தேத்தண்ணியுமாய் நாளைத் தள்ளும் அம்மாவுக்கு வங்கிக் கணக்கில் காசு இருக்கும், உடம்பில் புரதம் இருக்காது. வெளிநாட்டுக் காசால் தீராத வறுமை இது.

உணவால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, இறுதிப் போரில் கணக்கில் வராத 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கேட்டார். அவர் 2021 ஏப்ரலில் மறைந்தார், விடை வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு வல்லாரையை எழுதிக்கொடுப்பது கேலி. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாகச் சொல்லிவருவது, காயம் ஆளுக்கு மட்டுமல்ல, சமூகத்துக்கும் பட்டது என்பதை. சேர்ந்து பட்ட காயத்துக்குச் சேர்ந்துதான் வைத்தியம். மடுவுக்குக் கால்நடையாய்ப் போவதும், திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரிக்குக் கண்விழிப்பதும், நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் கஞ்சிக்குக் கூடுவதும் அந்த வைத்தியத்தின் பகுதிகள். அவற்றைச் சமயத்தவர் சமயமாகப் பார்க்கட்டும். உளநலத் துறையினர் அங்கே நடையையும் உணவையும் கூட்டத்தையும் ஒருசேரப் பார்க்கலாம்.

நுண்கடன் தவணைக்குக் கிழமைதோறும் ஆள் வாசலில் வந்து நிற்கும் வீட்டில் சத்துணவு வகுப்பு எடுபடாது. வடக்கின் பெண்கள் அந்தக் கடனில் அமிழ்ந்தது ஊரறிந்தது. 2018இல் அரசே வறட்சி மாவட்டங்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. ஆகவே உளநலத்துக்கான உணவுக் கொள்கை நெல்லுக்கு நியாய விலையிலும், மீனவருக்கு எரிபொருளிலும், திரிபோஷாவிலும், பாடசாலை முட்டையிலும் தொடங்க வேண்டும். உணவு ஆலோசனைப் பத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.

கிளினிக் நடத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். சீனியையும் பிரஷரையும் பார்க்கிறபோது இன்னும் மூன்று கேளுங்கள்: நித்திரை வருகிறதா, நேற்று என்ன சாப்பிட்டீர்கள், யாரோடு சாப்பிட்டீர்கள்? விடை சரியில்லையென்றால் உளநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுங்கள். வாசிக்கிற உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரையும் பசியும் உற்சாகமும் போய்விட்டிருந்தால், கீரையும் நடையும் சரிக்கட்டும் என்று காத்திராதீர்கள். வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்குகிறது.